பம்பைமடுவில் ஒரு களரி வேண்டும்

வவுனியாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், பேரவை உறுப்பினர்கள், மூதவை உறுப்பினர்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன். வன்னியில் நாடகத்துக்கு ஒரு பல்கலைக்கழகத் துறை வேண்டும். அங்கே படிப்பிக்க வருகிறவர் நடிகராகவும் நெறியாளராகவும் இருக்க வேண்டும். அவர் மேடையில் செய்வதை அவருடைய பல்கலைக்கழக வேலையாகவே நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தக் கடைசி விசயத்தை விட்டுவிட்டுத் துறையை மட்டும் தொடங்கினால், நாடகத்தைப் பற்றிக் குறிப்புக் கொடுக்கிற ஓர் இடம்தான் எங்களுக்குக் கிடைக்கும். அது போதாது.

வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 அன்று தனிப் பல்கலைக்கழகமானபோது நாங்கள் பாடசாலையில் இனிப்புக் கொடுத்தோம். பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று மூன்று பீடங்களோடு தொடங்கினீர்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியலும் விவசாயமும் இருக்கின்றன. வன்னி மண்ணில் இருந்துகொண்டே பொறியியல் படிக்கலாம் என்பது என்னுடைய தாய் தகப்பன் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத விசயம். அதில் எனக்கு மனம் நிறைந்த சந்தோசம். ஆனால் நாடகம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் மட்டக்களப்புக்கு. போகட்டும், இரண்டும் நல்ல இடங்கள்தான். நான் கவலைப்படுவது இங்கே மிஞ்சிக் கிடப்பதைப் பற்றி. மட்டக்களப்பில் பல்கலைக்கழகம் இருந்தபடியால் அந்த ஊரின் கூத்து வகைகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் பக்கத்திலேயே குடியிருந்து ஆடிப் பார்த்து எழுதுகிற ஆசிரியர்கள் வந்தார்கள். முள்ளியவளையின் கோவலன் கூத்துக்கு, காத்தவராயன் கூத்துக்கு, மன்னார்க் கரையின் கத்தோலிக்க நாடகங்களுக்குப் பக்கத்தில் அப்படியொரு துறை இல்லை. பாடசாலைகளுக்கு இடையிலான தமிழ்த்தினப் போட்டிக்காக நாங்கள் இந்தக் கூத்துகளைப் பத்து நிமிசத்துக்கு வெட்டிப் பழக்குகிறோம். பரிசு கிடைத்தால் படம் எடுக்கிறோம். அத்தோடு அந்த வருசக் கதை முடிந்துவிடுகிறது.

நடிப்பும் நெறியாள்கையும் பல்கலைக்கழக ஆசிரியருக்கு ஏற்ற வேலையா என்று, கல்வி விசயங்களைத் தீர்மானிக்கிற மூதவையில் யாராவது கேட்கலாம். அந்தக் கேள்விக்கு இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. பேராதனையில் படிப்பித்துக்கொண்டிருந்த எதிரிவீர சரச்சந்திர, சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற கிராமத்து நாடகக் கலைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மாணவர்களை நடிக்க விட்டு, 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடக வரலாறு அந்த நாடகத்துக்கு முன், பின் என்று பேசப்படுகிறது. அதே பேராதனையில் தமிழ் படிப்பித்த சு. வித்தியானந்தன், கூத்துப் பழக்குகிற ஆசானான வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை அழைத்து வந்தார். விடியும்வரை ஆடுகிற கூத்தை மண்டப மேடைக்கு ஏற்றபடி சுருக்கி, 1962இல் 'கர்ணன் போர்', அப்புறம் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று மாணவர்களை ஆட வைத்தார். மன்னார்ப் பக்கத்து 'எண்டிறீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்' நாடகங்களை 1960களில் பதிப்பித்தவரும் அவர்தான். அதை வன்னிக்காரர்கள் நன்றியோடு நினைக்க வேண்டும். நாடகத்தோடு இவ்வளவு மினக்கெட்ட அந்த மனிதர் 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். ஒத்திகை பார்த்ததால் அவருடைய புலமைக்கு எந்தக் குறையும் வரவில்லை.

அந்த 'கர்ணன் போர்' நாடகத்தில் கர்ணனாகவும் 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாகவும் ஆடிய மாணவர்தான் சி. மௌனகுரு. 1943இல் மட்டக்களப்பில் பிறந்தவர். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக இருந்தார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். மாணவராக ஆடிய இராவணேசனைப் பேராசிரியராகித் தன் மாணவர்களைக் கொண்டு புதிதாக நெறிப்படுத்தினார். இந்த வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு ஒரு விசயம் விளங்குகிறது. அவருடைய ஆய்வையும் ஆட்டத்தையும் பிரித்து எடுக்க முடியாது. வடமோடிக்காரன் எந்த இடத்தில் வேகம் கூட்டுகிறான், தென்மோடிப் பாட்டு எந்த இடத்தில் இழுபடுகிறது என்பதைச் சதங்கை கட்டி ஆடியவர் எழுதும்போது வாசிக்கிறவருக்கு நம்பிக்கை வருகிறது. ஆய்வுக்கு வேண்டிய தரவு அவருடைய உடம்பிலேயே இருந்தது.

யாழ்ப்பாணத்துப் பக்கமும் பார்க்கலாம். பாடசாலை ஆசிரியராக இருந்த குழந்தை ம. சண்முகலிங்கம் கொழும்பில் நாடக டிப்ளோமா படித்துவிட்டு வந்து 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்திலும் படிப்பித்தார். அவர் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் பல்கலைக்கழக மாணவர்களோடு ஊர் ஊராகப் போனது. போர் மனதில் விட்ட காயத்தை 'அன்னை இட்ட தீ' பேசியது. எங்கள் வகுப்பில் பிள்ளைகள் இன்றைக்கும் அவருடைய பிரதிகளை எடுத்துத்தான் நடிக்கப் பழகுகிறார்கள். அவர் 2025இல் காலமானபோது, ஒருநாளும் அவரை நேரில் கண்டிராத என் மாணவி ஒருத்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாடக ஆசிரியரின் வேலை எவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது என்பதை அளக்க உங்கள் படிவங்களில் இடம் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலையில் ஒரு பட்டறை நடத்த வெளி மாவட்டத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்தார். நடிகர், நெறியாளர். ஊரில் இருக்கிற வயதான அண்ணாவியார் ஒருவரையும் அழைத்திருந்தோம். எண்பதை நெருங்குகிற வயது. 2009 போர்க்கால இடப்பெயர்வில் அவருடைய மத்தளம் போனது, கொப்பிகளும் போயின. பாட்டு மட்டும் நினைவில் இருக்கிறது. பிளாஸ்டிக் கதிரையின் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டு, கோவலன் களரிக்கு வரும்போது பாடுகிற வரவுப்பாட்டைப் பாடத் தொடங்கினார். விரிவுரையாளர் கொஞ்ச நேரம் குறிப்பெடுத்தார். பிறகு கொப்பியை என் கையில் தந்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டைக் காலை மடித்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஐயா, நீங்கள் படியுங்கோ. நான் ஆடிப் பாக்கிறன்."

ஐயா பாடினார், விரிவுரையாளர் ஆடினார். பாதியில் ஐயா நிறுத்தினார்.

"தம்பி, பாட்டு முன்னுக்குப் போகுது, கால் பின்னுக்கு நிக்குது. திருப்பி வாங்கோ."

திருப்பி ஆடினார். மறுபடியும் நிறுத்தம். உடம்பைத் திருப்புகிற இடத்துக்கு ஓர் அடி முன்னாலேயே மூச்சை எடுத்துவிட வேண்டும், திரும்பின பிறகு எடுத்தால் அடுத்த வரி உடையும் என்று ஐயா கதிரையில் இருந்தபடியே நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மூன்றாம் தடவை சரி வந்தது. ஐயா தலையாட்டினார். அதுவரை பின்வாங்கில் இருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெடியன் எழுந்து போய் விரிவுரையாளருக்குப் பக்கத்தில் நின்றான். யாரும் கூப்பிடவில்லை. ஐயாவுக்குப் பேரன் முறை அவன். வீட்டில் ஒரு நாளும் அவரிடம் ஒரு வரி கேட்டதில்லையாம். இன்றைக்கு அவன் வரவுப்பாட்டு முழுவதையும் பாடுவான்.

அந்த மூச்சு விசயம் எந்தப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை. ஆடத் தெரிந்த ஓர் ஆசிரியர் எழுந்து நின்று பிழையாக ஆடியபடியால்தான் அது வெளியே வந்தது. குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் பாட்டின் வரிகள் கிடைத்திருக்கும், மூச்சு ஐயாவோடு போயிருக்கும். ஓர் அரங்க ஆசிரியரின் ஆய்வு முறை இதுதான் என்று நான் நம்புகிறேன். ஆய்வுகூடத்தில் ஒரு வேதியியல் ஆசிரியர் செய்வதற்கு எந்த விதத்திலும் இது குறைந்த வேலை இல்லை.

பட்டறை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது விரிவுரையாளர் தன் தொழிலைப் பற்றிச் சொன்னார். காலையில் அரங்க வரலாறும், பிரெக்ட், ஸ்டானிஸ்லவ்ஸ்கி போன்ற ஐரோப்பிய நெறியாளர்களும் விரிவுரை. பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கும் ஒத்திகை இருட்டும்வரை. கடைசி பஸ்சுக்கு ஓட வேண்டிய பிள்ளைகளின் காட்சியை முதலில் பார்த்து அனுப்ப வேண்டும். உடுப்புக்குத் துணி தேட வேண்டும், வெளிச்சத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும், நடுவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பாத்திரத்தைத் தானே ஏற்று நிற்க வேண்டும். இப்படி மாதக்கணக்காக உழைத்து மேடையேற்றிய நாடகத்தைப் பதவியுயர்வுப் படிவத்தில் நிரப்பப் போனபோது, அது ஒரு வரிக்குள் அடங்கிப் போனதாம். அந்த நாடகத்தைப் பற்றி அவரே எழுதிய கட்டுரைக்கு நாடகத்தை விடக் கூடுதலான மதிப்பு. "அப்ப அடுத்த வருசம் நாடகத்தைக் குறைச்சுக் கட்டுரையைக் கூட்டத்தான் வேணும் ரீச்சர்" என்று சொன்னார். எனக்கு நெஞ்சு கனத்தது. ஒரு நல்ல நெறியாளரை மேடையை விட்டுக் கீழே இறக்க இதை விட வேறு வழி தேவையில்லை.

ஆகவே நீங்கள் துறை தொடங்கும்போது, முதல் நாளிலேயே இதைச் சரியாகச் செய்யுங்கள். நாடகத்தை எப்படி மதிப்பிடுவது என்று கேட்பீர்கள். உயர்தரச் செயன்முறைப் பரீட்சையில் நாங்கள் பிள்ளைகளை மதிப்பிடவில்லையா? வெளியிலிருந்து இரண்டு அனுபவமுள்ள நெறியாளர்களை அழையுங்கள். அவர்கள் நாடகம் பார்க்க மட்டும் வராமல், ஒத்திகை நடக்கும்போதும் வந்து இருக்கட்டும். நெறியாள்கைக் கொப்பியைக் கேளுங்கள். எந்தக் காட்சி எத்தனை தடவை மாறியது, ஏன் மாறியது என்பதெல்லாம் அதில் இருக்கும். நடித்த மாணவர்களோடு கதைக்கச் சொல்லுங்கள். நாடகம் போன ஊரிலும் இரண்டு பேரைக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு எழுத்தில் அறிக்கை தரட்டும். அந்த அறிக்கைக்கு ஓர் ஆய்வுக் கட்டுரைக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுங்கள். கட்டுரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதத் தெரிந்த நெறியாளர்கள் எங்களுக்கு நிறைய வேண்டும். எழுதுவதற்கு முதலில் செய்ய விட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது அண்ணாவியார்கள். சரச்சந்திரவுக்கு ஒரு குருன்னான்சேயும் வித்தியானந்தனுக்கு ஒரு செல்லையா அண்ணாவியாரும் தேவைப்பட்டார்கள் என்றால், உங்கள் துறைக்கும் தேவைப்படுவார்கள். அவர்களிடம் பட்டம் இல்லை, சிலரிடம் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கூட இல்லை. அதற்காக அவர்களை ஒரு நாள் விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பி விடாதீர்கள். வருகைதரு ஆசிரியர்களாக நியமியுங்கள், மணித்தியாலத்துக்கு ஒரு விரிவுரையாளருக்குக் கொடுக்கிற காசையே கொடுங்கள், கூட்டி வந்து கொண்டுபோய் விட ஒரு வாகனம் ஒழுங்கு செய்யுங்கள். இதில் அவசரம் இருக்கிறது. இவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். துறை தொடங்கப் பத்து வருசம் எடுத்தால், தொடங்குகிற அன்றைக்குப் படிப்பிக்க இவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? துறைக்கு முன்பே ஒரு சான்றிதழ் கற்கையாகவாவது இதைத் தொடங்க முடியும் என்று நினைக்கிறேன்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கேட்போர்கூடம் கேட்கவில்லை. குளிரூட்டி, நிரந்தரக் கதிரைகள், உயர்ந்த மேடை எல்லாம் பட்டமளிப்பு விழாவுக்குச் சரி. கூத்துக்கு வட்டமாக ஆடுகிற களரி வேண்டும், சுற்றிவர ஆட்கள் இருக்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிற பம்பைமடுவில் காணி இருக்கிறது. மண்ணை உயர்த்தி, கூரை போட்டு, நாலு மூலையிலும் மின்விளக்கு வைத்துத் தந்தால் போதும். மழைக்காலத்தில் ஒத்திகை பார்க்க ஓர் அறை. பெண் பிள்ளைகள் இருட்டின பிறகு விடுதிக்குப் பயமில்லாமல் போய்ச் சேர வெளிச்சமும் காவலும். இந்தக் கடைசி விசயம் சின்னதாகத் தெரியலாம். எங்கள் கூத்தில் கண்ணகிக்கும் மாதவிக்கும் ஆண்களே வேடம் கட்டிய காலம் அதிகம் பின்னால் இல்லை. இப்போது பாடசாலையில் என் பெண் பிள்ளைகள் கோவலனாகவும் பாண்டியனாகவும் ஆடுகிறார்கள், பார்க்க அவ்வளவு அழகு. விடுதிப் பாதை இருட்டாக இருக்கிற ஒரே காரணத்துக்காக அவர்கள் ஒத்திகையை விட்டு எழும்பிப் போகக் கூடாது.

படித்து முடித்தால் வேலை இருக்கா என்று கேட்பார்கள். பெற்றோர் என்னிடமும் கேட்கிறார்கள். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் நாடகம் ஒரு பாடம், அதற்கு ஆசிரியர்கள் வேண்டும். நாடகம் படிக்க விரும்பி, தங்கள் பாடசாலையில் நாடக ஆசிரியர் இல்லாதபடியால் வேறு பாடம் எடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதை விட இன்னொன்றும் இருக்கிறது. இங்கே போரில் கையை, காலை, ஆட்களை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. கதைக்காமல் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அரங்க விளையாட்டுகளால் ஒரு பிள்ளை வாய் திறப்பதை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன். இதைப் பக்குவமாகச் செய்யப் பயிற்சி வேண்டும். அரைகுறையாகச் செய்தால் ஆறாத புண்ணைக் கிளறிவிடும். அதனால்தான் பயிற்றுவிக்கிற ஆசிரியர் எங்கள் மண்ணிலேயே இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். இரண்டு நாள் பட்டறை நடத்திவிட்டுப் போகிறவரால், அந்தப் பிள்ளை மூன்றாம் நாள் அழுதால் என்ன செய்ய முடியும்?

வன்னிக்கு நாடகம் புதுசு இல்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடல் தண்ணீர் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கு எரிப்பதைப் பார்க்கச் சனம் திரள்கிறது. அந்தக் கண்ணகியின் கதையைத்தான் கோவலன் கூத்து ஆடுகிறது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து பிடித்த பண்டாரவன்னியனை முள்ளியவளை ஆசிரியரான முல்லைமணி நாடகமாக எழுதினார். அவரும் பள்ளிக்கூட வாத்தியார்தான். சம்பளத்துக்கு வெளியே, பின்னேரங்களில், சொந்தக் காசைப் போட்டு ஆசிரியர்கள் இந்தக் கலையை இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கிறார்கள். இனிமேல் அதைச் சம்பளத்துக்கு உள்ளே, பகல் வெளிச்சத்தில், பல்கலைக்கழகத்தின் பெயரால் செய்ய ஓர் ஆளை வையுங்கள்.

இதை மூதவையின் அடுத்த கூட்டங்களில் ஒரு விடயமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்ட நாடக ஆசிரியர்கள் வந்து உங்களோடு கதைக்க விருப்பமாக இருப்பார்கள். எந்தெந்த ஊரில் எந்த அண்ணாவியார் இருக்கிறார், யாருக்கு எந்தக் கூத்து முழுவதாகத் தெரியும், யாருக்குப் பாதி தெரியும் என்ற பட்டியலை நாங்கள் தயாரித்துத் தருகிறோம். பாடசாலை நாட்களில் பின்னேரம்தான் எங்களுக்கு வசதி. சனிக்கிழமை என்றால் முழு நாளும் வரலாம். பதிலைப் பாடசாலை அதிபர்கள் ஊடாக அனுப்பினால் எங்கள் எல்லோருக்கும் வந்து சேரும்.

நன்றியுடன்,
முல்லைத்தீவு மாவட்ட நாடக ஆசிரியை